வீட்டுக்காரர் தராத கடிதம்: திருப்பூர் லைன் வீட்டில் ஒரு மாவு வியாபாரம்

நிகழ்வு நடந்த இடம் திருப்பூரில் பனியன் தொழிலாளர்கள் நெருக்கமாகக் குடியிருக்கும் ஒரு பகுதி. காலம் 2019 முதல் 2025 வரை. சிறு வியாபாரிகளுக்குப் பதிவு, கடன், உரிமம் போன்றவற்றில் உதவும் ஓர் உள்ளூர் அமைப்பில் நான் வேலை பார்க்கிறேன். வீட்டில் இட்லி மாவு ஆட்டி விற்கும் ஒரு பெண் 2022இல் எங்களிடம் வந்தார். அதற்கு முந்தைய விவரங்கள் அந்தப் பெண்ணும் அக்கம்பக்கத்தாரும் சொன்னவை. ஆட்களை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன்.

பின்னணி

பெண்ணுக்கு அப்போது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. தென்மாவட்டத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூர் வந்தவர். கணவர் பவர் டேபிள் டெய்லர், பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர். இரண்டு பிள்ளைகள். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தார்கள். அட்வான்ஸ், வாடகை எல்லாம் வாய்ப்பேச்சுதான். எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம் என்று சொல்லும் வாடகைச் சட்டம் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. லைன் வீட்டு வாசல்வரை அது இன்னும் வந்து சேரவில்லை.

அவர் ஒரு பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை பார்த்தார். காண்ட்ராக்டர் மூலம் போனதால் இ.எஸ்.ஐ.யும் இல்லை, பி.எஃப்பும் இல்லை. ஷிப்டுக்கு 280 ரூபாய், சனிக்கிழமை சம்பளம். ஷிப்மெண்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட் நிற்க வேண்டும், அதாவது காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் வீடு. ஒரு ஷிப்டோடு கிளம்புகிறவர்களைத்தான் ஆர்டர் குறையும்போது முதலில் நிறுத்துவார்கள். 2019இல் சின்னப் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தபோது சாயங்காலம் கூட்டி வர ஆள் இல்லை. வேலையை விட்டார்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இப்படிப்பட்டவர்களை ‘முறையான வேலையை விட்டு முறைசாராத் தொழிலுக்கு வந்தவர்கள்’ என்று எழுதிவிடுவது வழக்கம். இவர் விட்டு வந்த வேலையிலும் காகிதம் எதுவும் கிடையாது. ஒரு முறைசாரா வேலையிலிருந்து நேரம் தன் கையில் இருக்கும் இன்னொரு முறைசாரா வேலைக்கு மாறினார், அவ்வளவுதான்.

தொடங்கிய விதம்

யாரும் யோசனை சொல்லவில்லை, பயிற்சியும் எடுக்கவில்லை. வீட்டுக்கு ஆட்டும் மாவில் கொஞ்சம் கூட ஆட்டித் தரச் சொல்லி பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். கேட்பவர்கள் எண்ணிக்கை கூடியது. காம்பவுண்டில் பெரும்பாலான பெண்கள் இரவு எட்டரைக்குத் திரும்புகிறவர்கள். அரிசி ஊறப்போட்டு ஆட்டி எடுக்க அவர்களுக்கு நேரமில்லை, ஆனால் காலையில் பிள்ளைகளுக்கு இட்லி வேண்டும். அந்தத் தேவையை இவர் பார்த்தார். வேறு வழியில்லாமல் வந்தவர்கள், வாய்ப்பைப் பார்த்து வந்தவர்கள் என்று ஆய்வாளர்கள் இரண்டு வகை பிரிப்பதுண்டு. இவரை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன.

2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்தது. கம்பெனிகள் மூடின, கணவருக்கு வேலை நின்றது. காம்பவுண்டில் பாதிப்பேர் சொந்த ஊருக்குப் போய்விட, மாவு விற்பனையும் பாதியாகக் குறைந்தது. இருந்தாலும் அந்த வாரங்களில் வீட்டுக்கு வந்த ஒரே காசு மாவுக் காசுதான். பிறகு கம்பெனி திறந்ததும் காண்ட்ராக்டர் கூடுதல் கூலி சொல்லிக் கூப்பிட்டார். இவர் போகவில்லை. “கம்பெனி நின்னா ஒரே நாள்ல எல்லாம் நின்னுடுதுங்க. மாவு நின்னாலும் பத்து வீடாவது வாங்கும்” என்றார்.

2021இல் சாய்த்து மாவு எடுக்கும் பழைய டில்டிங் கிரைண்டர் ஒன்றை, பத்து லிட்டர் அளவு, வாங்கினார். பணம் மூன்று இடத்திலிருந்து வந்தது: தோடு அடகு, ஏலச்சீட்டு, குழுக் கடன். வங்கிக்குப் போகவில்லை. போயிருந்தால் தொழிலுக்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருப்பார்கள். அடகுக் கடையில் நகையைத்தான் பார்ப்பார்கள். குழுவில் மற்ற பெண்கள் பொறுப்பேற்றால் போதும்.

2022இல் பார்த்தவை

எங்களிடம் அவரை அனுப்பியது ஒரு மளிகைக் கடைக்காரர். அப்போது வீட்டு விற்பனை போக, இரண்டு மளிகைக் கடைகளுக்கும் இவர் மாவு போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பகுதியில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் சோதனைக்கு வந்து போனபின், “பாக்கெட்டில் நம்பர் போட்டுக் கொண்டு வாங்க அக்கா, இல்லாட்டி நிறுத்திக்குவோம்” என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். நம்பர் என்றது உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண்ணை.

நாங்கள் முதலில் போய்ப் பார்த்தது விடியற்காலையில். நான்கு மணிக்கு கிரைண்டர் ஓட ஆரம்பிக்கும். சத்தம் குறையக் கிரைண்டரின் காலுக்கு அடியில் பழைய டயரை வெட்டிப் போட்டு, அதன்மேல் சாக்கு மடித்து வைத்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் தூங்கிக்கொண்டிருக்கும். உளுந்து ஆட்டும்போது கல் சூடேறினால் மாவு பொங்காது என்பதால் சித்திரை, வைகாசியில் ஐஸ் தண்ணீர் தெளித்தே ஆட்டுவார். பதம் பார்க்க ஒரு சொட்டு மாவை டம்ளர் தண்ணீரில் விடுவார். மிதந்தால் நிறுத்துவார். எட்டு மணிக்குள் கரைத்து மூடி வைத்தால் சாயங்காலம் ஷிப்ட் விட்டு வருகிறவர்களுக்குப் பதமாக இருக்கும். மிஞ்சிய மாவை மறுநாள் தெருமுனைப் பணியாரக் கடை எடுத்துக்கொள்ளும், விலை பாதிதான்.

கணக்கு நோட்டு இல்லை. வாய்க்கணக்கை நாங்கள் எழுதிப் பார்த்தோம். மளிகைக் கடைகளை விட்டு, வீட்டு விற்பனைக்கு மட்டும் நாளுக்குப் பத்து கிலோ இட்லி அரிசியும் இரண்டரை கிலோ உளுந்தும். இரண்டுக்கும் சேர்த்து 700 ரூபாய். கரண்ட், தண்ணீர், வெந்தயம், உப்பு, பை எல்லாம் 80. ஏறத்தாழ 30 கிலோ மாவு வரும். கிலோ 40 ரூபாய்க்கு விற்றால் 1,200. கையில் நிற்பது 400 ரூபாய்க்குச் சற்று மேல். செக்கிங் கூலியைவிட அதிகம், பகல் முழுக்க வீட்டிலும் இருக்கலாம். கடைகளுக்கும் போட்டால் இதில் முக்கால் பங்காவது கூடும்.

கணக்கு எழுதும்போது இன்னொன்றும் தெரிந்தது. கார்டுக்கு விலையில்லாமல் கிடைக்கும் ரேஷன் அரிசியில் கொஞ்சத்தை ஆரம்பத்தில் இட்லி அரிசியோடு கலந்திருக்கிறார். வீட்டில் சமைத்துச் சாப்பிடலாம், வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. பதிவுக்குப் போகும் முன் இதை முழுக்க நிறுத்தச் சொன்னோம், நிறுத்தினார். காகிதத்தைக் கண்டு பயப்படுவதற்கு இப்படிச் சின்னச் சின்னக் காரணங்களும் உண்டு. யாரும் முதல் சந்திப்பில் சொல்லமாட்டார்கள்.

வரி காரணமில்லை

பதிவு செய்யாதவர்கள் வரிக்குப் பயந்து ஒளிகிறார்கள் என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. இவர் விஷயத்தில் அது பொருந்தவே இல்லை. பொருள் விற்பவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம். இவருடைய விற்பனை மளிகைக் கடைகளையும் சேர்த்து அதில் நான்கில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. உணவுத் தொழிலில் ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் அப்போது அடிப்படைப் பதிவு போதுமாக இருந்தது, கட்டணமும் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். சிறு, குறு தொழில்களுக்காக மத்திய அரசு 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் பதிவுக்கு அதுவும் இல்லை. ஆதார், பான் எண்களைக் கொடுத்து நாமே விவரம் சொன்னால் சான்றிதழ் வந்துவிடும்.

1983இல் பெரு நாட்டின் லிமா நகரில் பொருளாதார அறிஞர் ஹெர்னாண்டோ டி சோட்டோவின் குழு ஒரு சோதனை செய்தது. சிறிய தையல் பட்டறை ஒன்றைச் சட்டப்படி பதிவு செய்யக் குறுக்கு வழியில் போகாமல் முயன்றார்கள். 289 நாட்கள் ஆயின. முறைசாராத் தொழில் என்றாலே இந்த எண்ணைத்தான் எடுத்து வைப்பார்கள். நம்மூரில் நாள் கணக்கு பெருமளவு குறைந்துவிட்டது. உத்யம் பதிவுக்கு அரைமணி நேரம்கூட வேண்டாம். அப்படியும் ஆள் வருவதில்லை என்றால் தடை வேறெங்கோ இருக்கிறது.

எங்கே என்பதைக் கணினி மையத்தில் பார்த்தோம். உணவுப் பதிவுக்கு ஆதாரும் போட்டோவும் கொடுத்ததும் அங்கிருந்தவர் கேட்டது ஈ.பி. ரசீது, வாடகை ஒப்பந்தம், இல்லாவிட்டால் இந்த இடத்தில் தொழில் செய்ய ஆட்சேபம் இல்லை என்று வீட்டுக்காரர் தரும் கடிதம். மூன்றுமே இவர் கையில் இல்லாதவை. ஈ.பி. இணைப்பு வீட்டுக்காரர் பெயரில். லைன் வீடுகளுக்கு சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று அவரே வசூல் செய்துகொள்கிறார்.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. விடியற்காலைச் சத்தம் பற்றிப் புகார் வந்தபோது புகார் சொன்னவரைத்தான் சமாதானம் செய்தார். கடிதம் கேட்டுப் போனபோது அவர் சொன்னது: “பேப்பர் ஒண்ணும் வேண்டாம் கண்ணு. மாவு ஆட்டறத நான் என்னைக்காச்சும் வேண்டாம்னு சொல்லியிருக்கனா?”

அவருடைய பயத்தையும் எழுதிக்கொண்டோம். கடிதம் கொடுத்தால் வீடு வணிகக் கட்டடம் என்று கணக்காகி வரி கூடும். மின் இணைப்பை வணிகப் பிரிவுக்கு மாற்றச் சொல்வார்கள், அப்போது மற்ற லைன் வீடுகளில் குடியிருப்பவர்களும் கட்டணம் பற்றிக் கேட்பார்கள். நாளைக்குக் காலி செய்யச் சொன்னால் இந்தக் கடிதத்தையே காட்டி நிற்பார்கள். 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்வு வந்திருந்தது, செப்டம்பரில் மின் கட்டணமும் உயர்ந்தது. அந்த ஆண்டில் எந்த வீட்டுக்காரரிடமும் இப்படிக் கடிதம் வாங்குவது கஷ்டம்தான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் யோசித்திருப்பேன்.

இது இந்த ஒரு வீட்டுக் கதை மட்டுமில்லை. இலங்கையில் பதிவு செய்யாத சிறு தொழில்களை வைத்து நடத்தி, 2013இல் வெளியான கள ஆய்வு ஒன்று உண்டு. பதிவு பற்றிய தகவல் கொடுத்தார்கள், செலவையும் திருப்பித் தந்தார்கள். யாரும் அசையவில்லை. அரை மாதம் முதல் ஒரு மாத லாபத்துக்குச் சமமான பணம் தந்தபோது ஐந்தில் ஒரு பங்கு பேர் பதிவு செய்தார்கள். இரண்டு மாத லாபம் தந்தபோது பாதிப்பேர். மற்றவர்கள் ஏன் செய்யவில்லை என்பதற்கு அதிகம் வந்த காரணம் இடத்தின் உரிமைப் பத்திரச் சிக்கல். கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாலோ முகாம் போடுவதாலோ தீராத பிரச்சினை இது. தொழில் இவருடையது, இடம் வேறொருவருடையது. பதிவோ இடத்தைக் கேட்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

நான்கு வழிகள் பேசப்பட்டன.

முதலாவது, தனியாகக் கடை ரூம் எடுத்து வணிக இணைப்போடு தொழில் செய்வது. அந்தத் தெருவில் கேட்ட அட்வான்ஸும் வாடகையும் மளிகைக் கடைகளிலிருந்து வரும் லாபத்தையே தின்றுவிடும். பிள்ளைகளை வீட்டில் விட்டுப் போகவும் வேண்டும். அதற்குத்தான் கம்பெனியை விட்டார் என்பதால் இதை அவர் உடனே வேண்டாம் என்றுவிட்டார்.

இரண்டாவது, கணினி மையத்துக்காரரே சொன்னது: பக்கத்துக் கிராமத்தில் சொந்த வீட்டில் இருக்கும் அக்கா முகவரியில் பதிவு எடுத்துவிடலாம். நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்களாம். நாங்கள் வேண்டாம் என்றோம். பதிவு இடத்துக்கானது. அலுவலர் போய்ப் பார்த்தால் அங்கே கிரைண்டரே இருக்காது. நாளைக்கு மாவில் ஏதாவது குறை வந்தால் பொய் முகவரி இவர்மேல்தான் திரும்பும்.

மூன்றாவது, வீட்டுக்காரரை இன்னும் அழுத்திக் கேட்பது. இதற்கு அந்தப் பெண் ஒப்பவில்லை. “கேட்டுக் கேட்டு அவர் காலி பண்ணச் சொல்லிட்டா?” என்றார். நியாயமான கேள்வி. வாய்ப்பேச்சு வாடகையில் அவருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு வீட்டுக்காரரின் நல்ல மனசுதான். அதைச் செலவழிக்க அவர் தயாராக இல்லை.

நான்காவது, மளிகைக் கடைகளை விட்டுவிட்டு வீட்டு வாசல் விற்பனையோடு நிற்பது. இதைத்தான் 2022 கடைசியில் தேர்ந்தெடுத்தார். சட்டப்படி பார்த்தால் வாசலில் விற்பதற்கும் பதிவு வேண்டும். அதையும் சொன்னோம். உத்யம் பதிவை மட்டும் அப்போதே எடுத்துக் கொடுத்தோம். அது மளிகைக் கடைக்காரருக்கு உதவாது, ஆனால் வங்கிக்குப் போனால் காட்டலாம்.

பிறகு நடந்தவை

வருமானம் குறைந்தது. அந்த மாதங்களில் குழுக் கடன் தவணைக்கு வேறு இடத்தில் கைமாற்று வாங்கினார். அதே சமயத்தில் காம்பவுண்டிலும் மாற்றம் வந்தது. தென்மாவட்டக் குடும்பங்கள் காலி செய்த வீடுகளுக்கு வட மாநில இளைஞர்கள் வந்தார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து தங்கி ரொட்டி போட்டுக்கொள்கிறவர்கள், மாவு வாங்கமாட்டார்கள். இதை நாங்கள் கணக்கில் எடுத்திருக்கவில்லை. அவர் முன்னாடியே கவனித்து வைத்திருந்தார்.

வழி திறந்தது 2023இல், அதுவும் எங்களால் இல்லை. மிளகாய், கோதுமை அரைக்கும் மில் நடத்தும் வயதானவர் ஒருவர் பின்பக்க அறையைச் சும்மா போட்டு வைத்திருந்தார். இவர் அங்கே மிளகாய் அரைக்கப் போனபோது பேச்சு வந்தது. இடம் அவருக்குச் சொந்தம், தொழிலுக்கான மின் இணைப்பு ஏற்கெனவே இருந்தது. கடிதம் கொடுத்தால் அவருக்கு இழக்க ஒன்றுமில்லை. கரண்டோடு சேர்த்து மாதம் 3,000 ரூபாய் என்று பேசி, 11 மாத ஒப்பந்தம் எழுதினோம். விடியற்காலையில் திறக்கச் சாவியும் கொடுத்தார். பிள்ளைகளும் அதற்குள் தாமாகப் பள்ளிக்குப் போய்வரும் அளவுக்கு வளர்ந்துவிட்டார்கள். 2022இல் இதே அறை கிடைத்திருந்தால் அவர் எடுத்திருப்பாரா என்பது சந்தேகம்.

புதிய சிக்கல் மிளகாய் நெடி. மில் ஓடும் நேரத்தில் தூள் பறந்து மாவில் இறங்கும். நடுவில் கதவு போட்டு, இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிய பிறகுதான் விண்ணப்பித்தோம். பதிவு எண் கிடைத்தது. இரண்டு கடைகளில் ஒன்று திரும்ப வாங்க ஆரம்பித்தது. இன்னொன்று அதற்குள் கம்பெனி மாவு பாக்கெட்டுக்கு மாறியிருந்தது.

அப்புறம் வங்கி. சிறு தொழில் கடனுக்கான மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் 50,000 வரையிலான சிசு கடனுக்கு விண்ணப்பித்தபோது கணக்கில் வரவு காட்டச் சொன்னார்கள். இவருடைய க்யூஆர் அட்டை கணவர் கணக்கில் இருந்தது. மாவு விற்ற காசெல்லாம் டெய்லர் வருமானமாகத் தெரிந்தது. தன் பெயரில் அட்டை மாற்றி, ஆறு மாதம் வரவு காட்டிய பிறகு 2024இல் 40,000 கிடைத்தது. அதில் புதுக் கிரைண்டர் வாங்குவார் என்று எதிர்பார்த்தோம். அவர் முதலில் செய்தது அடகில் இருந்த தோட்டை மீட்டதும் கைமாற்றை அடைத்ததும். கிரைண்டருக்காக வாங்கிய கடன்தானே அது, தொழிலுக்கு வெளியே போன பணம் என்று எப்படிச் சொல்வது?

ஆள் வைத்துப் பெரிதாக்கவில்லை. காலை நான்கு மணிக்கு வர ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் லாபத்தில் பாதி கூலிக்குப் போகும் என்பது அவர் கணக்கு. சனி, ஞாயிறு மட்டும் அவருடைய நாத்தனார் வந்து உதவுகிறார். அவருக்குச் சம்பளப் பதிவேடு எதுவும் இல்லை. ஆக, பதிவு எண்ணும் உத்யம் சான்றிதழும் வங்கிக் கணக்கும் உள்ள இந்தத் தொழிலில் இன்னமும் பாதி வாய்ப்பேச்சில்தான் ஓடுகிறது.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போன செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. இவர் அட்டையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். 40 லட்சம் வரம்பைத் திரும்ப விளக்கியதும் மாட்டினார். ஆனால் இப்போதும் தெரிந்தவர்களிடம் காசாகவே கேட்கிறார்.

இனி மாற்றுவது

எங்கள் விண்ணப்பப் படிவத்தில் முதலில் தொழில், முதலீடு, லாபம் என்று கேட்போம். இப்போது முதல் பக்கத்தில் இருப்பவை: இடம் யாருடையது, ஈ.பி. யார் பெயரில், எழுத்தில் ஏதாவது இருக்கிறதா. இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் பதிவு பற்றிப் பேசுவதில்லை.

வீட்டுக்காரரிடம் வியாபாரியைத் தனியாக அனுப்புவதையும் நிறுத்திவிட்டோம். வரி எவ்வளவு கூடக்கூடும், இணைப்பு எந்தப் பிரிவில் வரும் என்பதை எழுதி எடுத்துக்கொண்டு நாங்களே போகிறோம். சிலர் ஒப்புக்கொள்கிறார்கள், பலர் இன்னும் மறுக்கிறார்கள். பகுதிக்குள் இணைப்போடு காலியாகக் கிடக்கும் மில், பட்டறை அறைகளின் பட்டியல் ஒன்றும் வைத்திருக்கிறோம். இரண்டு மூன்று பேர் ஒரே அறையை நேரம் பிரித்து எடுத்தால் வாடகை தாங்கும். ஆனால் உணவுத் தொழிலையும் மற்றதையும் ஒரே அறையில் சேர்க்க முடியாது.

க்யூஆர் அட்டை யார் கணக்கில் இருக்கிறது என்பதை முதல் நாளே பார்க்கிறோம். வங்கிக்குப் போகும்போது பார்த்தால் ஆறு மாதம் போய்விடுகிறது.

இந்தப் பெண்ணின் விஷயம் இன்னும் முடியவில்லை. மில்காரரின் பிள்ளைகள் இடத்தை விற்கப் பேசுகிறார்கள். ஒப்பந்தத்தை மறுபடி எழுதவில்லை. இடம் மாறினால் பதிவுக்குத் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். இதுவரை இரண்டு இடம் பார்த்திருக்கிறோம். ஒருவர் கடிதம் தர மறுத்தார். இன்னொருவர் தருகிறேன் என்கிறார், ஆனால் அட்வான்ஸ் 50,000 கேட்கிறார். ஏலச்சீட்டைத் தள்ளுபடி கொடுத்து இந்த மாதமே எடுக்கலாமா, தோட்டைத் திரும்ப அடகு வைக்கலாமா என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.